நான் திருத்திய ஒரு வரி

பெங்களூர் ஈஜிபுராவில் அந்த மாடி அறைக்கு ஏறும் படி இவ்வளவு குறுகலாக இருக்கும் என்று என் பாதுகாவலர்கள் எதிர்பார்க்கவில்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் நான் என்று வரிசையாக ஏறினோம். கீழ்வீட்டில் யாரோ மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியுறவு அமைச்சர் இருமிக்கொண்டே உள்ளே நுழைந்தார் என்று மறுநாள் ஒரு கன்னடப் பத்திரிகை எழுதியது. உண்மைதான்.

தகரக் கூரை போட்ட அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றின்மேல் மட்டும் புதுத் துண்டு விரித்திருந்தார்கள், அது எனக்கு. எதிரே பத்துப் பதினைந்து பெண்கள். பாதிப்பேர் அன்று காலை கோலார் தங்கவயலிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்தவர்கள். மற்றவர்கள் அந்தத் தெருவிலேயே வாடகைக்கு இருப்பவர்கள்.

அவர்களுடைய கணவர்களும் அண்ணன் தம்பிகளும் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குத் தங்கச் சுரங்க வேலைக்காகப் போயிருந்தார்கள். அங்கே சுரங்கத்தின் ஒரு பக்கம் சரிந்து, உள்ளூர்த் தொழிலாளிகள் இருவர் இறந்துபோனார்கள். முதலாளிகள் கம்பி நீட்டிவிட்டார்கள். போலீஸ் நம் ஆட்களின் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடியும்வரை யாரும் முகாமை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஏழு மாதம் ஓடிவிட்டது.

ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். முகாமில் தண்ணீர் சரியில்லை. ஒருவருக்கு மஞ்சள் காமாலை. வாரம் ஒருமுறை ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டு எல்லாரும் இரண்டிரண்டு நிமிடம் பேசுகிறார்கள். நான் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதிக்கொண்டேன். பக்கத்தில் குறிப்பெடுப்பதற்கென்றே ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேலை வைக்காதது என் பழைய கெட்ட பழக்கம்.

எல்லாரும் பேசி முடித்தபிறகு கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். ஊதா நிறச் சுடிதார், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. பெயர் மாயாதேவி என்றார். வைட்ஃபீல்டில் ஓர் ஐ.டி. அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பாதி ஷிப்டில் அனுமதி கேட்டு வந்திருந்தார்.

"அந்த ஊரு கவர்மெண்டுகிட்ட பேசும்போது, எல்லாரையும் உடுங்கன்னு கேப்பீங்களா மேடம், இல்ல இத்தினி பேருன்னு கணக்கு சொல்லிக் கேப்பீங்களா?"

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. முப்பது வருடத்தில் இப்படி ஒரு நுணுக்கமான கேள்வியை எந்த நிருபரும் என்னிடம் கேட்டதில்லை. "கணக்கு சொல்லிக் கேட்டாத்தாம்மா சரியா வரும்" என்று கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னேன்.

அவர் சரி என்று உட்கார்ந்துவிட்டார். மற்ற பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டில் அந்தக் கேள்வியை எழுதி அடியில் கோடு போட்டேன். காரில் போகும்போது, இந்த அம்மா ஏன் இப்படிக் கேட்டார் என்று அதிகாரியிடம் விசாரித்தேன். "பயத்தில் ஏதோ கேட்கிறார்கள் மேடம்" என்றார். அதற்குள் டெல்லியிலிருந்து போன் வந்துவிட்டது.

இரண்டு அட்டைப் பெட்டி

கணக்கு சொல்வதில் எனக்கு என்ன அத்தனை பெருமை என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

போன வாரம் ஒரு வாசகர், தூதராக இருப்பவர் நாள் முழுக்க என்னதான் செய்வார் என்று கேட்டு எழுதியிருந்தார். விருந்தில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்பதுதான் பலருடைய எண்ணம். அதுவும் உண்டு. ஆனால் என் வாழ்நாளில் பெரும்பகுதி வாக்கியங்களைத் திருத்துவதில் போனது. இரண்டு நாடுகள் கையெழுத்துப் போடும் தாளில் ஒவ்வொரு சொல்லையும் பிடித்து உலுக்கிப் பார்ப்பதுதான் எங்கள் வேலை.

நான் தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்க ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கல்லூரிக்குப் பெங்களூர் வந்தேன், ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன், வெளியுறவுப் பணிக்குத் தேர்வானேன். முதல் வேலை ஒரு குளிர் தேசத்தில். நம் நாட்டில் எங்கோ வெள்ளம் வந்து, அந்த நாடு உதவுவதாகச் சொன்னது. ஒப்பந்தத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. 'மருந்துப் பெட்டிகள் அனுப்பிவைக்கப்படும்' என்று எழுதினேன். அழகான வாக்கியம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

வந்து சேர்ந்தது இரண்டு அட்டைப் பெட்டி. அதில் ஒன்று பாதி பஞ்சு. பெட்டிகள் என்றுதானே எழுதினீர்கள், இதோ பெட்டிகள் என்றார்கள். எங்கள் தூதரகத்தில் ஒரு மாதம் என்னை வைத்துச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து எண்ணிக்கை இல்லாமல் எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. எத்தனை டன், எத்தனை நாள், எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டு எனக்குப் பட்டப்பெயரே வந்தது. டெல்லியில் இளைய அதிகாரிகள் முதுகுக்குப் பின்னால் என்னை 'கித்னே மேடம்' என்பார்கள். எத்தனை மேடம் என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஓய்வுபெற்று பெங்களூரில் வந்து உட்கார்ந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொண்டிருந்த நேரத்தில் என்னை நாடாளுமன்ற மேலவைக்கு அனுப்பி அமைச்சராக்கிவிட்டார்கள். அந்தக் கூத்தை முந்தைய அத்தியாயங்களில் எழுதிவிட்டேன். அதுவரை அமைச்சர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவள் நான். இப்போது எனக்கு வேறொருவர் எழுதிக் கொடுத்தார். முதல் நாளே அந்தக் குறிப்பில் நான்கு இடங்களைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். எழுதியவரின் முகம் வாடிவிட்டது. நாற்காலி மாறினாலும் கை மாறவில்லை.

பத்து எப்படி ஒன்பது ஆனது

அந்த ஆப்பிரிக்க நாட்டில் இருந்த நம் தூதரகம் முதலில் அனுப்பிய பட்டியலில் பத்துப் பேர் இருந்தார்கள். போலீஸ் வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டுகளைப் பார்த்து எழுதிய பட்டியல் அது. வழக்கப்படி விலாசம் சரிபார்க்க அதை இங்கே உள்ளூர்ப் போலீஸுக்கு அனுப்பினோம். ஒன்பது விலாசங்களிலும் ஆமாம், எங்கள் ஆள்தான், அங்கேதான் இருக்கிறார் என்று அழுதார்கள்.

பத்தாவது பெயர் ஆனந்தன். பெங்களூர் பக்கம் ஆனேக்கல் விலாசம். போலீஸ்காரர் போய்க் கதவைத் தட்டினால், ஆனந்தனே வந்து கதவைத் திறந்திருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாராம். தான் வெளிநாட்டுக்கே போனதில்லை, பாஸ்போர்ட் எப்போதோ தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அப்படியானால் அந்தப் பாஸ்போர்ட்டை வைத்திருக்கும் ஆள் யார்? வேறு ஏதோ நாட்டுக்காரனாகக்கூட இருக்கலாம், நமக்கு எதற்கு வம்பு என்றார்கள் அதிகாரிகள். பத்தை அடித்து ஒன்பது என்று எழுதினோம். தப்பான எண்ணோடு போய் நின்று அவமானப்படாமல் தப்பித்தோம் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

எதையும் நோண்டி நோண்டிக் கேட்பவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. டாக்ஸியில் ஏறினால் டிரைவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதுவரை விசாரிப்பேன். ஆனேக்கலில் தொலைந்த பாஸ்போர்ட் தங்கவயல்காரர்கள் இருக்கும் முகாமுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒன்பது என்ற எண் அத்தனை சுத்தமாக இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம்

அந்த நாட்டுத் தலைநகருக்குப் போனேன். அவர்களுடைய வெளியுறவு அமைச்சர் முன்பு நீதிபதியாக இருந்தவர். நிதானமான மனிதர். இஞ்சி மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு விடுவார். அறையில் ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் பேசினோம். விசாரணைக்குத் தேவையான வாக்குமூலங்களை எழுதி வாங்கிக்கொண்டு ஆட்களை விட்டுவிட அவர் சம்மதித்தார்.

எழுதி வைத்திருந்த தாளை என் பக்கம் தள்ளினார். ஒரே பத்தி. 'முகாமில் உள்ள இந்தியத் தொழிலாளர்கள் தாயகம் திரும்ப அனுமதிக்கப்படுவார்கள்' என்று அதில் ஒரு வரி.

என் கை தானாகப் பேனாவை எடுத்தது. 'இந்தியத் தொழிலாளர்கள்' என்று இருந்த இடத்துக்குமேல், ஒன்பது என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதினேன். பக்கத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினேன்.

அவர் அதைச் சற்று அதிக நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

திரும்பி வரும்போது விமானத்தில் அதிகாரிகள் என்னைப் புகழ்ந்து தள்ளினார்கள். ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து நம் கையை பலப்படுத்திவிட்டீர்கள் என்றார் ஒருவர். எனக்கு ஈஜிபுரா ஞாபகம் வந்தது. அந்த ஊதாச் சுடிதார் அம்மாவிடம் சொன்னபடியே செய்துவிட்டோம் என்று திருப்தியோடு கண்ணை மூடிக்கொண்டேன்.

கதவைப் பார்த்தபடி ஒருவர்

ஒன்பது பேரும் பெங்களூர் வந்து இறங்கிய மதியம் நானும் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். செண்டுமல்லி மாலைகள், கேமராக்கள். எல்லாரும் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். ஒரு பெண் தன் கணவரின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, தாடியைப் பற்றித் திட்டிக்கொண்டே அழுதார்.

மாயாதேவி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். அடையாள அட்டை கழுத்திலேயே இருந்தது. ஒன்பது பேரும் வந்து முடிந்தபிறகும் அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானப் பணிப்பெண்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது பேரில் ஒருவர் அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கிட்டே போனேன். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று மாயாதேவியிடம் கேட்டேன். அன்று ஈஜிபுராவில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

அவர் என் பின்னால் நின்ற போலீஸைப் பார்த்தார். இனி மறைத்து என்ன என்று தோன்றியிருக்கவேண்டும். "எங்க வீட்டுக்காரரு பத்தாவது ஆளு மேடம். தம்பி பாஸ்போர்ட்ல போனாரு."

அங்கேயே நின்றபடி முழுவதையும் சொன்னார். கணவர் பெயர் கௌதமன். தங்கவயல் சுரங்கம் மூடுவதற்கு முன்னால் சில வருடம் உள்ளே இறங்கி வேலை செய்தவர். ஆள் எடுத்த ஏஜெண்ட் நாற்பது வயதுக்குள் இருந்தால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டான். கௌதமனுக்கு நாற்பத்தேழு. தம்பி ஆனந்தனுக்கு முப்பத்தெட்டு, முகஜாடை ஒன்றுதான்.

மற்ற ஒன்பது பேரும் கட்டட வேலை பார்த்தவர்கள். பாறையைத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சரிவு நடந்த அன்று, மேலே பாறை முனகுகிறது, எல்லாரும் வெளியே ஓடுங்கள் என்று கத்தியவரும் அவரே. அவர் கத்தியதால்தான் இந்த ஒன்பது பேரும் வந்து நிற்கிறார்கள். என்னிடம் அதைச் சொன்னவர் அவர்களில் ஒருவர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மாடி அறையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் விஷயம் தெரியும். சொல்வதா வேண்டாமா என்பதை மாயாதேவியே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"போலீஸ் கதவாண்ட நின்னுக்கினு இருந்தாங்களே மேடம். சொன்னா இங்க கொழுந்தனாரு உள்ள போவாரு, அங்க அவரு உள்ள போவாரு. எல்லாரையும்னு நீங்க கேட்டிருந்தா, அந்தச் சொல்லுலயே அவரும் ஏறி வந்திருப்பாரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. கேமராக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்புகிறார்களா என்று பார்த்தேன். பார்த்தேனே என்று அதைவிட அதிகமாக வெட்கப்பட்டேன்.

பழைய நீதிபதி சொன்னது

டெல்லியில் எல்லாரும் பொறுத்திருக்கச் சொன்னார்கள். கையெழுத்தான தாளை மறுபடி திறப்பது சுலபமில்லை. திறந்தால், ஒருவர் இன்னொருவரின் பாஸ்போர்ட்டோடு நம் விமான நிலையத்தைத் தாண்டிப் போனார் என்று நாமே ஒப்புக்கொள்ளவேண்டும். அவையில் கேள்வி வரும். விசாரணை எப்படியும் ஒருநாள் முடியும், அப்போது அவராகவே வந்துவிடுவார் என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வாரம் அந்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

அந்த இரண்டு வாரமும் ஒரு விஷயம் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. அந்த அமைச்சர் தாளை ஏன் அத்தனை நேரம் பார்த்தார்? கடைசியில் அவருக்குப் போன் போட்டது மனசாட்சியாலா, அதைத் தெரிந்துகொள்ளும் ஆசையாலா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் கலந்திருக்கலாம்.

நான் சுற்றி வளைக்கவில்லை. நான் எழுதிய எண் தவறு, எங்கள் ஆள் இன்னும் ஒருவர் அங்கே இருக்கிறார் என்றேன். மறுமுனையில் வழக்கமான பெருமூச்சு கேட்டது.

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் இருக்கும் முகமும் ஆளின் முகமும் வேறு என்று அவர்களுடைய போலீஸ் முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டது. பாவம், பிழைக்க வந்தவன் என்று விட்டிருக்கிறார்கள். பெயரும் எண்ணும் இல்லாமல் பொதுவாக எழுதிவிட்டால் அந்த மனிதரும் மற்றவர்களோடு விமானம் ஏறிவிடுவார் என்பதற்காகவே அந்த வரியை அவர் அப்படி எழுதியிருக்கிறார்.

"நீங்கள் ஒன்பது என்று எழுதினீர்கள். அந்த ஒருவர் உங்களுக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்" என்றார்.

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். ஒரு நாடு தன் ஆளை விட்டுவிட்டுப் போனால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும், அதைத் துருவிக் கேட்பது நம் தொழிலில் மரியாதை இல்லையே என்றார். அதுவும் சரிதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். எங்கள் இருவருக்கும் அப்படித்தான் பழக்கம்.

அதன்பிறகு எல்லாம் காகித வேலை. ஆனந்தன் தானாகவே ஸ்டேஷனுக்குப் போய், பாஸ்போர்ட் தொலையவில்லை, அண்ணனுக்குக் கொடுத்தேன் என்று எழுதிக் கொடுத்தார். அவையில் கேள்வி வந்தது, பதில் சொன்னேன். கௌதமனை அவருடைய சொந்தப் பெயரில் கூட்டிவர, ஒன்பது பேர் வந்த நாளிலிருந்து நான்கு மாதம் பிடித்தது. அடுத்த அமைச்சரவை மாற்றத்தில் என் பெயர் இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அண்ணன் தம்பி மேல் வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா இருவரும் ஒரே ஆட்டோவில் போய்வருகிறார்கள்.

என் கையெழுத்து

பதவி போனபிறகுதான் கௌதமனைப் போய்ப் பார்த்தேன். அதற்குமுன் போகத் தைரியம் வரவில்லை. வீட்டிலிருந்து மெட்ரோ, அப்புறம் ஆட்டோ. பாதுகாவலர்கள் இல்லாததால் ஈஜிபுராவில் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை.

ஒரே அறை வீடு. மாயாதேவிக்கு அன்று வார விடுமுறை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் எழுந்து, கட்டிலின் மேலிருந்த துணிகளை ஒதுக்கி எனக்கு இடம் செய்தார். கௌதமன் மெலிந்து உயரமாக இருந்தார். எதையும் யோசித்து மெதுவாகப் பேசுகிறவர். வந்ததற்கு எனக்கு நன்றி சொன்னார். நீங்கள் போன் பேசியதால்தான் வந்து சேர்ந்தேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். மாயாதேவி எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு மறுபடி துருவ உட்கார்ந்தார்.

ஒன்பது பேரும் கிளம்பிய நாளைப் பற்றிக் கேட்டேன். இவரும் துணியெல்லாம் மடித்துப் பையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார். முகாம் அதிகாரி ஒவ்வொருவராக வண்டியில் ஏற்றிவிட்டு, இவரை மட்டும் கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறார். இவர் சத்தம் போட்டதும் ஒரு தாளின் நகலைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். டைப் அடித்த எழுத்துக்கு நடுவில் அந்த ஓர் எண் மட்டும் பேனாவால் எழுதியிருந்ததாம். வண்டி போனபிறகு, பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட மேசையில் நான்கு மாதம் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்.

"அந்த ஒம்போதுன்னு கையால எழுதினது யாரு மேடம்? அவங்க மந்திரிதானே?"

மாயாதேவி துருவுவதை நிறுத்தினார். அவருக்கும் அது தெரியாது. அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் கண்டுபிடிக்க ஆளில்லை. அந்தப் பழைய நீதிபதி கடல் தாண்டி வந்து மறுக்கப்போவதில்லை.

"இல்லீங்க" என்றேன். "அவங்க எல்லாரையும்னுதான் எழுதியிருந்தாங்க. ஒன்பதுன்னு எழுதினது நான்."

கௌதமன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாலு மாசமும் நான் அந்த ஊருக்காரங்களத்தான் திட்டிக்கினு இருந்தேன்" என்றார். "தெனம் சோறு எடுத்துக்கினு வந்த ஆளுகிட்டகூட நான் மொகம் குடுத்துப் பேசல."